தப்புக்கு முந்தைய ச்சு

உலகத்தில் யாருமே கேட்காத பாட்டுகளாகப் பொறுக்கி எடுத்துக் கேட்பது சின்னவனின் வழக்கம். பத்துப் பேர் கேட்டிருந்தால் அவனுக்கு லேசாகச் சந்தேகம் வரும். நூறு பேர் கேட்டிருந்தால் அது பொருட்காட்சி, அந்தப் பக்கமே போகமாட்டான்.

எல்லாம் ஹிப் ஹாப். வீட்டு அறையில் தனியாளாக உட்கார்ந்து செய்தது. பின்னால் கம்பெனி கிடையாது, முன்னால் விளம்பரம் கிடையாது, பெரும்பாலும் கேட்க ஆளும் கிடையாது. ஒருவர் தாளத்தை அடுக்கி பீட் போடுவார், அதன்மேல் இன்னொருவர் ராப் பேசுவார். பல சமயம் இரண்டு பேரும் ஒரே ஆள்தான். பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொள்வதும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். அதை வெட்டி எடுக்கத் தெரியாமல் விட்டார்களா, வேண்டுமென்றே விட்டார்களா என்று சின்னவன் மணிக்கணக்கில் யோசிப்பான். இப்படி யோசிப்பவர்களுக்கு ரசிகர் என்று பெயர்.

அவனுக்கு வேலை ஒரு கண்ணாடிக் கடையில். வாடிக்கையாளர் பிடித்த ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸை விளிம்பு தேய்த்துப் பொருத்த வேண்டும். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் ஓர் ஆள் நிற்கலாம், இன்னொருவர் வந்தால் முதல் ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டு நிற்க வேண்டும். தேய்க்கும் இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு கீச்சிடும். இடது காதில் இயர்போன். வலது காது முதலாளிக்கு.

ஆனால் இந்தக் காட்டுக்குள் அவன் நுழைந்தது ரசனையால் அல்ல. அண்ணனைத் தேடிக்கொண்டு நுழைந்தான்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். அம்மாவும் கோபமாக இருக்கும் நாட்களில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கலாம், வண்டியே உங்களுடையது என்றுகூட நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். நிறுத்துவது அவர். இரண்டு பிள்ளைகளை வளர்த்ததும் ஏறக்குறைய இதே ஏற்பாட்டில்தான்.

அவரிடம் ஒரு 'ச்சு' இருந்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று பிரிக்கும் சத்தம். அதில் பாதி எச்சில், பாதி ஏமாற்றம். கியர் தப்பாக விழப்போகிறதா, ச்சு. கிளட்சை அவசரமாக விடப்போகிறீர்களா, ச்சு. தப்பு பண்ணின பிறகு சொன்னால் பரவாயில்லை, அதற்கு முன்னாடியே சொல்லிவிடுகிறார், அந்தப் பதற்றத்தில்தான் தப்பே நடக்கிறது என்பது மாணவர்களின் நெடுநாளைய புகார்.

அண்ணன் பெரியவன் பீட் போடுகிறவன். கைக்கடக்கமான ஒரு பெட்டி, மேலே ரப்பர் பொத்தான்கள், ஒவ்வொன்றையும் தட்டினால் ஒவ்வொரு சத்தம். 'டும்' சரியான இடத்தில் விழும். அதற்குப் பதில் சொல்கிற 'டப்', ஸ்னேர் என்பார்கள், ஒரு முடியளவு தாமதித்து விழும். கேட்கிறவனுக்கு, மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, இல்லை என்று தெரிந்துகொள்கிற மாதிரி வயிற்றில் ஒன்று நழுவும். சின்னவனுக்கு அந்த நழுவல் உயிர்.

"லேட்டா விழுதுடா," என்பார் மாஸ்டர், அடுத்த அறையிலிருந்து.

"தெரிஞ்சுதான்பா போடறேன்."

"தெரிஞ்சே தப்பு பண்றவனுக்கு லைசென்ஸ் கிடையாது."

ஒருநாள் மூன்று பேரும் பயிற்சி வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். பெரியவன் ஓட்டினான். சின்னவன் பின்சீட்டில். புதிதாகச் செய்த பீட்டைப் பெரியவன் வண்டி ஸ்பீக்கரில் போட்டான். மாஸ்டர் கேட்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். பெட்ரோல் பங்க்கை ஒட்டிய நாற்சந்தி. குறுக்கே ஒரு ஈ காக்கை இல்லை. மாஸ்டர் ச்சு என்றார், தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது.

பெரியவன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டான். பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். கதவைத் திறந்து இறங்கி, பின்சீட்டிலிருந்த பையை எடுத்துக்கொண்டு, நடந்து போய்விட்டான். பீட் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் இறங்கின முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்று மாஸ்டர் பிறகு ஒருதரம் அம்மாவிடம் சொன்னார். அந்த விஷயத்தைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான்.

அம்மாவுக்கு எப்போதாவது ஒரு புது நம்பரிலிருந்து 'நல்லா இருக்கேன்' என்று செய்தி வரும். திருப்பிக் கூப்பிட்டால் அந்த நம்பர் நல்லா இருக்காது.

ஒரேயொரு தடவை பெரியவன் அகப்பட்டான். வேறு பெயரில் அவன் இணையத்தில் ஏற்றியிருந்த பீட்டைச் சின்னவன் கண்டுபிடித்து, சந்தோஷம் தாங்காமல் வீட்டில் சொல்லித் தொலைத்தான். விஷயம் சித்திக்குப் போனது. சித்தி அந்தப் பீட்டின் கீழே எல்லாரும் பார்க்கும்படி எழுதினாள்: 'கண்ணா சூப்பர். சாப்டியா?' மறுநாள் அந்தக் கணக்கே இல்லை. பீட்டும் இல்லை, பெயரும் இல்லை, துடைத்துவிட்ட மாதிரி.

அதற்கப்புறம் அவன் எந்தப் பெயரில் இருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. சின்னவன் கையில் இருந்த ஒரே அடையாளம் அந்தத் தாமதமான டப். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் பீட்டாகக் கேட்டுக்கொண்டு வந்தான்.

தேடப் போனவனுக்கு அங்கே வீடு அமைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பெண் துணி துவைக்கும் கடையில் ஓடுகிற இயந்திரத்தையே தாளமாக வைத்துக்கொண்டு, அடுத்தவர் சட்டைப் பைகளில் கிடைத்த பொருள்களைப் பற்றி ராப் பேசினாள். அவள் குரலில் தற்பெருமையே இல்லாதது சின்னவனை என்னவோ செய்தது. பழுதான பிரிண்டரின் முனகலை இழுத்து இழுத்து வயலின் மாதிரி ஆக்கியிருந்தான் ஒருவன். இன்னொருவன் பாட்டெல்லாம் ஒரே விஷயம்தான், மாடி வீட்டுக்காரர் இழுக்கும் நாற்காலி. கடைசிப் பாட்டில் மாடி வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போய்விட்டார். அந்தப் பாட்டில் பீட்டே இல்லை, வெறும் அறையின் சத்தம். சின்னவன் அன்றைக்கு ஒரு வாடிக்கையாளரின் லென்ஸைத் தலைகீழாகப் பொருத்திவிட்டான்.

இவர்களில் யாரும் அண்ணன் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர்களை விட முடியவில்லை. அண்ணனையும் யாராவது இப்படி எங்கேயோ ஓர் அறையில் நின்றுகொண்டு, ஒற்றைக் காதால், விடாமல் கேட்பார்கள் என்று நினைத்துக்கொள்வான். அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று இவன் முறையாக முன்பணம் கட்டுகிற மாதிரி.

அப்புறம் ஒரு மத்தியானம் அந்த டப் விழுந்தது.

கணக்கின் பெயர் ஈரச்சுவர். பூனை ஒன்று கொட்டாவி விடுகிற சத்தம், கீழே டும், பிறகு ஒரு முடியளவு தாமதித்து, டப். சின்னவன் வயிற்றில் கடைசிப் படி நழுவியது. இயந்திரத்தை நிறுத்தினான். திரும்பக் கேட்டான். முதலாளி, "என்னப்பா, கரண்ட் போச்சா?" என்றார்.

"இல்ல சார். வந்துச்சு."

சித்தியின் பாடம் மறக்கவில்லை. சாப்டியா என்று கேட்கவில்லை. 'உங்க ஸ்னேர் ரொம்ப அழகா தயங்குது. நேர்ல பாக்க முடியுமா?' என்று மட்டும் எழுதினான். பதில் உடனே வந்தது: 'என்னோட மொத்த ரசிகரும் நீங்கதான். எங்க வேணாலும் பாக்கலாம்.'

வரச்சொன்ன இடம் ஒரு கால்நடை மருத்துவமனை. வரவேற்பு மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கூண்டுகளில் நாய்களும் பூனைகளும், மடியில் முயலோடு ஒரு தாத்தாவும். சின்னவன் அண்ணன் முகத்தைத் தேடி முயல் வரை பார்த்துவிட்டான்.

"ஈரச்சுவர் நான்தான்," என்றாள் அவள். "மூஞ்சியப் பாத்தா வேற யாரையோ எதிர்பாத்து வந்த மாதிரி இருக்கு. உக்காருங்க. அந்த நாய் பக்கம் வேணாம், அது விமர்சகர்."

சின்னவன் உட்கார்ந்தான். வந்த காரணத்தை மறைக்கிற தெம்பு இல்லாததால் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நடுநடுவே போனை எடுத்து, "இன்னிக்கு டாக்டர் இருக்காரு, வாங்க," என்று சொல்லிக்கொண்டே கேட்டாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். ரப்பர் பொத்தான்கள்.

"பழைய சாமான் கடையில வாங்கினேன். இந்தப் பொத்தானைப் பாருங்க. உள்ள ரப்பர் தேஞ்சு போச்சு. நல்லா அமுத்தினாத்தான் பேசும், அதுவும் கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் பேசும். ஸ்னேரை அதுலதான் வெச்சிருக்கேன். நீங்க அழகா தயங்குதுன்னு எழுதினீங்களே, அது நான் இல்ல. ரிப்பேர்."

சின்னவன் பெட்டியைத் திருப்பினான். அடியில் பயிற்சிப் பள்ளியின் சிவப்பு 'எல்' எழுத்து ஸ்டிக்கர், ஒரு மூலை கிழிந்து ஒட்டியிருந்தது. அந்த மூலையைச் சின்ன வயதில் கிழித்தவன் அவன்தான்.

"எங்க அண்ணனோடது," என்றான்.

"வித்துட்டாரா, பாவம்."

"அப்போ அந்த டப்..." சின்னவன் அந்தப் பொத்தானை ஒருதரம் அழுத்திப் பார்த்தான். இத்தனை காலம் அவன் அண்ணன் என்று நினைத்துப் பின்தொடர்ந்தது தேய்ந்த ரப்பரை. பழைய சாமான் கடைக்காரருக்கு இதை யார் விற்றார் என்றுகூட நினைவில்லையாம், அவள் முன்பே ஒருதரம் வேறு எதற்கோ கேட்டிருந்தாளாம்.

அவள் பெட்டியை நேராகத் திருப்பி வைத்தாள். "தப்பா நினைக்காதீங்க. அவர்கிட்ட இப்ப புதுப் பெட்டி இருந்தா, கரெக்ட் டைமுக்கு அடிச்சிட்டிருப்பார்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அதன் அர்த்தம் வீடு திரும்பும் வழியில்தான் சின்னவனுக்கு முழுதாக உறைத்தது. சரியான நேரத்தில் அடிக்கிற ஒவ்வொருவனும் இனி அண்ணனாக இருக்கலாம். எத்தனை பேரை 'இவன் இல்லை' என்று தாண்டி வந்திருக்கிறான். அந்தப் பிரிண்டர்காரன். அந்த நாற்காலிக்காரன்.

மறுநாள் மாஸ்டர் அவனைக் கடையில் இறக்கிவிட வந்தபோது, சொல்லக்கூடாது என்று நினைத்ததைச் சொல்லிவிட்டான். மாஸ்டர் சாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

"மிஷினா?" என்றார். "இல்ல. அந்தப் பூனைக்கொட்டாவிப் பொண்ணு ஒரே மாதிரி லேட்டா அடிக்குது. நம்மாளு அப்படி இல்ல. அவன் முதல்ல தயங்குவான், அப்புறம் தைரியம் வந்து கொஞ்சம் முன்னாடி வருவான், மறுபடி தயங்குவான். கிளட்ச் விடறதும் அப்படித்தான்."

சின்னவன் திரும்பி அவரைப் பார்த்தான். "பூனைக்கொட்டாவி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாஸ்டர் இண்டிகேட்டரைப் போட்டார். திரும்ப வேண்டிய தெரு அது இல்லை. டிக், டிக், டிக்.

"நீ கேக்கறதெல்லாம் வண்டி ஸ்கிரீன்லயும் காட்டுது. பாட்டுக்கு நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதானே. கிளாஸ் எடுக்கும்போது போட்டு விடுவேன்."

"ஸ்டூடன்ட்ஸ் ஒண்ணும் சொல்லலையா?"

"ஒருத்தர் வண்டிய நிறுத்திட்டார். நாற்காலிக்காரன் பாட்டு, கடைசிப் பாட்டு. பீட்டே இல்லாம ஓடுமே. அத போட்டிருந்தேன். வண்டியில ஏதோ கோளாறுன்னு பயந்துட்டார்." பிறகு, "நல்லா பண்ணியிருக்கான் அந்தப் பையன்," என்றார்.

கடை வந்துவிட்டது. இருவரும் இறங்கவில்லை.

"தேடிக் கண்டுபிடிக்க முடியாதுப்பா இனி," என்றான் சின்னவன். "அடையாளமே போச்சு."

"அவனுக்கு அடையாளம் இல்ல. நமக்கு இருக்குல்ல."

அப்பாவின் வாயிலிருந்து வந்ததால் அது யோசனை என்று புரியச் சின்னவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். பெரியவனும் எங்கோ ஓர் அறையில் யாரும் கேட்காத பீட்டுகளைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். பீட் போடுகிறவர்கள் எல்லாரும் அடுத்தவர் என்ன சத்தத்தைக் கொண்டு வந்திருக்கிறார் என்று மூக்கை நுழைத்துப் பார்ப்பவர்கள். அந்தக் கூட்டத்துக்குள் அவனுக்கு மட்டும் தெரிந்த சத்தம் ஒன்றைப் போட்டுவிட்டால்?

"அப்பா, ஒரு தடவை ச்சு சொல்லுங்க."

மாஸ்டர் வாயைக் குவித்தார். 'த்சூ' என்று வந்தது. கோழியைக் கூப்பிடுகிற மாதிரி.

"இது இல்ல."

இன்னொன்று முயன்றார். முத்தம் மாதிரி வந்தது. இருவரும் வெவ்வேறு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள்.

"சும்மா வராதுடா அது," என்றார் மாஸ்டர் கடைசியில். "நீ இந்தப் பக்கம் வந்து ஓட்டு."

சின்னவன் போனில் பதிவு பொத்தானை அழுத்தி டேஷ்போர்டில் வைத்தான். ஓட்டினான். பதற்றத்தில் அவன் வாழ்நாளில் ஓட்டாத அளவுக்கு நன்றாக ஓட்டினான். தெருமுனை, வளைவு, வேகத்தடை, எல்லாம் வெண்ணெய். மாஸ்டருக்கே தாங்கவில்லை.

"என்னடா இது, ஒழுங்கா தப்பு பண்ணு."

"வர மாட்டேங்குதுப்பா."

"அண்ணன நினைச்சுக்க."

நினைத்தான். பெட்ரோல் பங்க்கை ஒட்டிய நாற்சந்தி வந்தது. அவன் அங்கே வரவேண்டும் என்று நினைத்து வரவில்லை. கிளட்ச் நழுவப்போகிற அந்தக் கணத்தில், ச்சு. அதற்கப்புறம்தான் எஞ்சின் உதறிக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு வேன்காரர் ஹாரன் அடித்தார். அதுவும் பதிவானது.

சின்னவன் பதிவை ஈரச்சுவரிடம் கொண்டுபோனான். அவள் அந்த ச்சுவைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு ஏமாற்றத்த ஒரு நாக்குல எப்படி அடக்கினார்?" என்று கேட்டாள். இண்டிகேட்டரின் டிக் டிக்கைத் தாளமாக வைத்தாள். எஞ்சின் நிற்கிற உதறலை டும் ஆக்கினாள். ச்சுவை அந்தத் தேய்ந்த பொத்தானில் ஏற்றி, ஸ்னேராகத் தட்டினாள். ஒரு முடியளவு தாமதம். வேன்காரரின் ஹாரனைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்த மாதிரி மெதுவாக்கி, தூரத்தில் யாரோ கூப்பிடுகிற மாதிரி, பின்னால் படரவிட்டாள். அந்த வேன்காரர் தான் என்ன செய்தோம் என்று தெரியாமலே செத்துப்போகப்போகிறார் என்று நினைத்தபோது சின்னவனுக்குக் கண் கலங்கியது. உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் யாருடைய பாட்டிலோ இருக்கிறார்கள்.

ஏற்றினார்கள். காத்திருந்தார்கள். கேட்டவர்கள் எண்ணிக்கை ஏறியது. சின்னவன் மகிழ்ந்தான். பிறகு அதில் பெரும்பகுதி மாஸ்டர் என்று தெரிந்தது.

ஒருநாள் கடையில், இரட்டைப் பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பீட்டின் கீழே ஒரு வரி. படம் இல்லாத, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி உள்ள ஒரு கணக்கு.

'அந்த ச்சு லேட். அது தப்புக்கு முன்னாடி வரணும்.'

சின்னவன் அந்த லென்ஸைத் தேய்த்துக்கொண்டே போனான். அது சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்தபோதுதான் இயந்திரத்தை நிறுத்தினான். முதலாளியிடம் ஒன்றும் சொல்லாமல் வெளியே ஓடினான். பதில் எழுதவில்லை.

பயிற்சி மைதானத்தில் மாஸ்டர் ஓர் அம்மாளுக்குப் பின்னோக்கி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். சின்னவன் ஜன்னல் வழியாக அந்த வரியைச் சொன்னான்.

"ஸ்டூடன்டா இருக்கலாம்," என்றார் மாஸ்டர். ஆனால் கை போனுக்கு நீண்டது. "காட்டு."

திறந்தான். வரி இல்லை. புள்ளியும் இல்லை. அந்த இடத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பதில், யாருக்கு என்றே தெரியாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு.

'யாருப்பா நீ? சாப்டியா?'

சித்தி.

அம்மாதான் பெருமை தாங்காமல் சித்திக்கு அனுப்பியிருந்தாள். ஈரச்சுவரிடமிருந்து செய்தி வந்தது: 'நானும் பாத்தேன். ஒரு நிமிஷம்தான் இருந்துச்சு. சித்தின்னா யாரு?'

சின்னவன் வண்டியின் மேல் தலையைச் சாய்த்தான். "போயிட்டான்பா. மறுபடியும் அழிச்சிட்டான்."

மாஸ்டர் போனை வாங்கி, வரி இருந்த இடத்தை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சுவிடாமல் இருந்தார்.

"ஸ்டூடன்ட் எதுக்குடா சித்தியப் பாத்து ஓடணும்?" என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அவன் சொன்னது சரிதான். முன்னாடிதான் வரும்."

அதை அவர் அந்த வரியைப் பற்றித்தான் சொன்னாரா என்று சின்னவன் கேட்கவில்லை.

ஈரச்சுவர் ச்சுவை இழுத்து முன்னால் வைத்தாள். தேய்ந்த பொத்தானில் தட்டியதைக் கணினியில் நகர்த்தி, டும்முக்கு ஒரு முடியளவு முன்னால். இப்போது கேட்டால் கடைசிப் படி இல்லாமல் போவதில்லை. எதிர்பாராத இடத்தில் ஒரு படி கூடுதலாக இருந்து காலைத் தாங்குகிறது. பழைய பீட்டை எடுத்துவிட்டு இதை ஏற்றினாள். சித்தியின் பதிலும் அதோடு போயிற்று. சித்தி கோபித்துக்கொண்டாள், அது தனிக்கதை.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் சின்னவன் கடை முடிந்ததும் பயிற்சி வண்டியில் ஏறிக்கொள்கிறான். அவன் ஓட்டுகிறான், மாஸ்டர் பக்கத்தில். புதிதாக ஏற்றப்பட்ட பீட்டுகளைப் போடுகிறார்கள், யாரும் கேட்காதவை, சரியான நேரத்தில் விழுகிறவை, தாமதமாக விழுகிறவை, எல்லாம். "இவன் நல்லாத்தான் பண்றான்," என்பார் மாஸ்டர். "நம்மாளு இல்ல. ஆனா நல்லாப் பண்றான்." அடுத்தது.

கடைசியில் ச்சு பீட்டைப் போடுவார்கள். அது ஓடும்போது பெட்ரோல் பங்க்கை ஒட்டிய நாற்சந்தி வந்துவிடும். நேற்றும் வந்தது. சின்னவன் கிளட்சைக் கொஞ்சம் அவசரமாக விட்டான், வேண்டுமென்றேதான். மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. அவர் பக்கத்துப் பிரேக்கின் மேல் கால் இல்லை, இரண்டு பாதங்களையும் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்திருந்தார். ச்சு ஸ்பீக்கரிலிருந்து வந்தது. வண்டி அதற்கப்புறம் நின்றது.

சின்னவன் சாவியைத் திருப்பப் போனான்.

"இரு," என்றார் மாஸ்டர். பக்கக் கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, நடைபாதையையே பார்த்தார். "பின்னாடி யாராவது வர்றாங்களான்னு பாத்துட்டுப் போலாம்."